நார்வேயின் கயிறு

ஓசூரில் ஆறாம் பாரம், அதாவது பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பு, படித்துக்கொண்டிருந்தபோது என்னை நார்வே ஆக்கினார்கள். நான் கேட்டது பிரேசில். வகுப்புச் சுவரில் தொங்கிய உலகப் படத்தில் பிரேசில் தாராளமாகக் கைகாலை நீட்டிப் படுத்திருக்கும். ஆனால் பெரிய நாடுகளையெல்லாம் பையன்களுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த ஒல்லி நாட்டை என் தலையில் கட்டினார் சரித்திர வாத்தியார். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். "நார்வே ரொம்ப சாந்தமான தேசம்மா, உனக்குப் பொருத்தமா இருக்கும்" என்றார். அந்த மனிதருக்கு என்னைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்பது எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

வாத்தியார் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். பட்டணத்துக் கல்லூரிகளில் மாணவர்கள் ஆளுக்கொரு நாடாக உட்கார்ந்து உலக சபை நடத்துகிறார்கள், தீர்மானம் எழுதி ஓட்டுப் போடுகிறார்கள் என்று எங்கேயோ படித்துவிட்டார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. கல்வி அதிகாரி பார்வையிட வரும் நாளில் இதை நடத்திக் காட்டினால் பள்ளிக்கூடத்துக்குப் பெயர் கிடைக்கும் என்று ஹெட்மாஸ்டரும் சம்மதித்தார். ஆனால் கண்டிப்பாக ஒரு வார்த்தை சொன்னார்: எல்லையைப் பற்றிப் பேசக்கூடாது, மொழியைப் பற்றிப் பேசக்கூடாது, ஆற்றுத் தண்ணீரைப் பற்றி வாயே திறக்கக்கூடாது.

அவர் பயத்துக்கும் காரணம் இருந்தது. மாநிலங்களைப் பிரிக்கப் போகிறார்கள், ஓசூர் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று காபிக் கிளப்பில் நாற்காலி பறந்துகொண்டிருந்த காலம் அது. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் கன்னடம், கால்வாசிப் பேர் தெலுங்கு. சண்டை வரும்போது மட்டும் எல்லோரும் எல்லா மொழியிலும் திட்டுவோம். எனவே யோசித்து யோசித்து, கடைசியில் கடலைப் பிடித்தார்கள். கரையிலிருந்து எத்தனை மைல் வரை ஒரு நாட்டின் சொந்தக் கடல், அதற்கப்பால் யார் மீன் பிடிக்கலாம் என்பதுதான் பொருள். கடலுக்காக ஓசூரில் யாரும் கல்லெறிய மாட்டார்கள் என்று ஹெட்மாஸ்டர் நிம்மதியானார்.

எங்களில் ஒருவர்கூடக் கடலைப் பார்த்ததில்லை. அமெரிக்காவாக இருந்த வேப்பனப்பள்ளிப் பையன் முதல் நாளிலேயே எழுந்து, "கடல்ல தண்ணி வத்துற மாசம் எதுங்க சார்?" என்று கேட்டான். ஏரி வற்றும்போதுதானே எங்கள் ஊரில் மீன் பிடிப்பார்கள். வாத்தியார் உலகப் படத்தின் நீலத்தையெல்லாம் கையால் சுற்றிக் காட்டி, "வத்தவே வத்தாதுடா" என்றார்.

ஆனாலும் மனிதர் விடவில்லை. தீர்மானம் எழுதக் கற்றுக்கொடுத்தார். தீர்மானத்துக்கு இரண்டு பாகம். மேல் பாகத்தில் "நினைவுகூர்ந்து", "கவலையுடன் நோக்கி", "மனமார வரவேற்று" என்று மரியாதையாக இழுத்துக்கொண்டே போக வேண்டும். கீழ்ப் பாகத்தில் இன்னார் இன்னதைச் செய்ய வேண்டும் என்று எண் போட்டுக் கறாராக எழுத வேண்டும். "மேலே இருக்கறது மேளம். கீழே இருக்கறதுதான் தாலி" என்றார்.

எங்களுக்கு மேளம்தான் பிடித்துப்போயிற்று. ரஷ்யாவாக இருந்தவன் தளி என்ற ஊர்க்காரன், வீட்டில் கன்னடம் பேசுகிறவன், தமிழ்ப் பரீட்சையில் தட்டுத் தடுமாறிப் பாஸ் பண்ணுகிறவன். அவன் எழுதிக்கொண்டு வந்தான்: "வலையில் சிக்கிய மீன்களின் தீராத துயரத்தை நெஞ்சு பதைபதைக்க நினைவுகூர்ந்து". வகுப்பே கை தட்டியது. அதற்குக் கீழே அவன் என்ன எழுதியிருந்தான் என்று யாரும் பார்க்கவில்லை.

எனக்கோ இது விளையாட்டாக இல்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா மாட்டுத் தரகர். வாரச் சந்தையில் அவர் துண்டுக்குள் கை போகாமல் நல்ல ஜோடி எதுவும் கை மாறாது என்று சொல்வார்கள். அவரேதான் அதிகமாகச் சொல்வார். பள்ளிக்கூடத்தின் மேல் அவருக்குப் பெரிய மரியாதை கிடையாது. நான் பரீட்சை முடித்ததும், மாங்காயெல்லாம் இறங்கிய பிறகு ஆவணியில், வேப்பனப்பள்ளியில் தோப்பு வைத்திருந்த என் தாய்மாமனுக்கு என்னைக் கட்டிக்கொடுப்பது என்று வீட்டில் பேசி வைத்திருந்தார்கள். மாமன் தங்கமான மனிதர். ஆனால் எந்தப் பேச்சை எடுத்தாலும் கொஞ்ச நேரத்தில் மாம்பூவில் கொண்டுவந்து முடிப்பார். எனக்குச் சேலத்தில் ஆசிரியப் பயிற்சிக்குப் போக வேண்டும். ராத்திரியும் பகலும் அதே நினைப்பு. அவ்வளவு ஆசை.

"பேச மட்டும் நல்லா கத்துக்குடுத்திருக்காங்க" என்றார் அப்பா, நான் இதைச் சொன்னபோது. "பேசி முடிக்கக் கத்துக்குடுத்தாங்களா? சந்தையில வந்து பாரு. வாயே திறக்காம ஒரு ஜோடி மாடு கை மாறுது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நானும் முடிச்சுக் காட்டறன்" என்றேன்.

"என்னத்த முடிப்ப?"

"எங்க சபையில ஒரு தீர்மானம். எல்லா நாடும் ஒத்துக்கற மாதிரி."

"எல்லா நாடும்னா?"

"ஒருத்தர் விடாம."

அப்பா சிரித்தார். சந்தையில் சொத்தை மாட்டுக்கு யாராவது பெரிய விலை சொன்னால் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு. "சரி கண்ணு. ஒருத்தன் விடாம கை தூக்க வெச்சிட்டின்னா நீ சேலம் போ. ஒருத்தன் கை கீழ இருந்தாலும் ஆவணியில வேப்பனப்பள்ளி. நானே வந்து பாக்கறன்."

உள்ளேயிருந்து அம்மா, "பொண்ணை வெச்சுப் பந்தயமா? உங்க ரெண்டு பேருக்கும் புத்தி மாறிப்போச்சா?" என்றாள். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் அவளைச் சும்மா இருக்கச் சொன்னோம்.

இப்படியாக, நார்வேயின் தலையெழுத்தும் என் தலையெழுத்தும் ஒன்றாகிவிட்டன. நார்வேயைப் பற்றி அதுவரை எனக்குத் தெரிந்திருந்ததெல்லாம் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றும் மீன் எண்ணெய் அங்கிருந்து வருகிறது என்பதுதான். வாத்தியார் கொடுத்த குறிப்பின்படி ரஷ்யா பன்னிரண்டு மைல் கடல் கேட்கும், அமெரிக்கா மூன்று மைல் போதும் என்னும், நார்வே நான்கு என்னும். பிரேசில் என்ன கேட்கும் என்று குறிப்பில் இல்லாததால் அந்தப் பையன் நாளுக்கொன்று கேட்டான்.

பேச்சுவார்த்தை சைக்கிள் ஷெட்டில் நடந்தது. அங்கேதான் சிக்கல். எங்கள் வகுப்புப் பையன்கள் எல்லோரும் மாட்டோடு வளர்ந்தவர்கள். பேரம் என்றால் அவர்களுக்குத் தெரிந்தது ஒரே வழி. ஒருவன் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இருவர் கைமேலும் போர்த்துவான். துண்டுக்குள்ளே ஒருவன் விரலை ஒருவன் பிடிப்பான். எத்தனை விரல் பிடிக்கிறானோ அத்தனை விலை. வெளியே நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. முகத்தில் ஓர் அசைவு இருக்காது. ரஷ்யாவும் அமெரிக்காவும் துண்டுக்குள் கையைக் கோத்துக்கொண்டு, ஆளுக்கொரு திசையில் வெறித்துப் பார்த்தபடி, மைல் கணக்கைப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த வழியாகப் போன வாத்தியார் அதைப் பார்த்து, "ஆஹா, கை கோத்துண்டு நிக்கறதைப் பாரு! இதுதான் உலக சமாதானம்" என்று கண் கலங்கினார்.

என்னோடு மட்டும் யாரும் துண்டு போடவில்லை. நான் போய்க் கையை நீட்டினேன். தளிக்காரன் பாம்பைக் கண்டவன் மாதிரி பின்னால் தாவினான்.

"ஆகல்லக்கா, ஆகல்ல" என்று கன்னடத்தில் மறுத்தான். ஒரே வயதுதான், ஆனால் பயத்தில் அக்கா என்பான். "பொண்ணு கையப் புடிச்சேன்னு தெரிஞ்சா எங்கப்பா என் கைய எடுத்துடுவாரு."

"அப்ப வாயால பேசு."

"வாயால பேசினா அது பேரம் இல்லக்கா. சும்மா பேச்சு."

இதைக் கேட்டு எனக்கு வந்த கோபத்தில் சைக்கிள் ஷெட்டில் இருந்த சைக்கிள் ஒன்றை எட்டி உதைத்தேன். அது ஹெட்மாஸ்டருடையது. உதைத்த கால் வீங்கிவிட்டது. வீங்கிய காலோடு வீட்டுக்கு வந்து மாட்டுக் கொட்டாயில் உட்கார்ந்திருந்தபோதுதான், சுவரில் தொங்கிய கயிறுகள் கண்ணில் பட்டன.

எங்கள் பக்கத்தில் மாட்டை விற்றால் மாட்டைத்தான் கொடுப்பார்கள், கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். அதை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். வாங்குகிறவர்தான் புதுக்கயிறு கொண்டுவந்து கட்டி ஓட்டிக்கொண்டு போக வேண்டும். கயிற்றையும் கொடுத்துவிட்டால் அந்தப் பட்டியில் அப்புறம் மாடு தங்காது என்று நம்பிக்கை. கயிற்றை வைத்துக்கொண்டால் எவ்வளவு அருமையான மாட்டையும் மனசு ஆறிக் கொடுத்துவிடலாம். எத்தனையோ பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கயிற்றைத் தடவியபடி போவதை நான் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் தளிக்காரனைப் பிடித்தேன். "உன் பன்னிரண்டு மைலை எனக்குக் குடுத்துடு. 'மீன்களின் தீராத துயரம்' உன்னோடது. அதை யாரும் தொட மாட்டோம். தீர்மானத்தோட முதல் வரியே அதுதான். மாடு எனக்கு, கயிறு உனக்கு."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. இந்தப் பேரத்துக்குத் துண்டே தேவைப்படவில்லை. கயிறு மட்டும் உன்னோடது என்று சொன்னால் அவர்களுக்குப் புரிகிறது, சத்தியம் பண்ணிய மாதிரி ஆகிவிடுகிறது. அமெரிக்கா தன் மூன்று மைலைக் கொடுத்துவிட்டு, "வற்றாத கடலின் வண்மையை வியந்து" என்ற வரியை வைத்துக்கொண்டது. பிரேசில் அன்றைக்கு என்ன கேட்டுக்கொண்டிருந்ததோ அதை விட்டுவிட்டு, "அலைகளின் ஓயாத உழைப்பை வணங்கி" என்பதோடு திருப்திப்பட்டது. ஒவ்வொரு நாடாகப் போய்க் கயிற்றைக் கொடுத்து மாட்டை வாங்கினேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாவைவிடப் பெரிய தரகர் ஆகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சங்கடம் இருந்தது. வாங்கிய மாடுகளைத் தீர்மானத்தில் எங்கே கட்டுவது? ரஷ்யாவின் பன்னிரண்டை எழுதினால் அமெரிக்கா கை தூக்காது. அமெரிக்காவின் மூன்றை எழுதினால் ரஷ்யா தூக்காது. இரண்டையும் விட்டேன். என் நான்கை எழுதினால் இரண்டுமே தூக்காது. மனசில்லாமல் அதையும் விட்டேன். கடைசியில், கடலை அளக்க ஒரு கமிட்டி போடலாம் என்ற ஒரே ஒரு வரிதான் கீழ்ப் பாகத்தில் நின்றது. சபை நடக்கிற அன்று காலையில் தளிக்காரன் ஓடிவந்து, "கமிட்டிக்கு அமெரிக்கா தலைவர் ஆயிட்டா? எங்கப்பா அவங்கப்பா கூட மாட்டுத் தகராறுல இருக்காரு. நான் கை தூக்க மாட்டேன்" என்றான். அதிகாரியின் ஜீப் வாசலில் வந்து நின்றுவிட்டது. அப்பாவும் சந்தையிலிருந்து நேரே, மாட்டு வாசனையோடும் மாடோட்டும் தார்க்குச்சியோடும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அந்த வரியையும் அடித்துவிட்டு, தாளை வாத்தியார் கையில் கொடுத்தேன். அவருக்குப் படித்துப் பார்க்க நேரமில்லை.

சபை கூடியது. வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். மீன்களின் துயரத்தை நினைவுகூர்ந்தார், கடலின் வண்மையை வியந்தார், அலைகளை வணங்கினார். மீனவர் பாடலின் இனிமையில் திளைத்தார், உப்பின் பெருமையை எண்ணி உருகினார், நிலாவொளியில் பாய்மரம் அசையும் அழகை நோக்கினார். ஒவ்வொரு வரிக்கும் அந்தந்த நாடு நிமிர்ந்து உட்கார்ந்தது. தமிழ் வாத்தியார் கண்ணை மூடித் தலையை ஆட்டினார். நான் கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றாவது கீழே இருந்துவிடுமோ என்று.

"ஆகவே இச்சபை..." என்று வாத்தியார் குரலை உயர்த்தினார். தாளைத் திருப்பினார். பின்பக்கம் ஒன்றுமில்லை. மறுபடி முன்பக்கம் பார்த்தார். "...மேற்கண்டவற்றை ஏகமனதாக ஏற்றுக்கொள்கிறது" என்று முடித்தார்.

எல்லாக் கைகளும் உயர்ந்தன. ஒன்றுகூடக் கீழே இல்லை. சந்தோஷத்தில் நான் என் கையைத் தூக்க மறந்து, பக்கத்தில் இருந்த பர்மா என்னை இடித்த பிறகு தூக்கினேன். கைதட்டல் கூரையைப் பிளந்தது.

அது அடங்கியதும் கல்வி அதிகாரி மெதுவாகக் கேட்டார். "ரொம்ப அழகான தீர்மானம். சரி, இப்ப மீனை யார் பிடிக்கறது?"

அமெரிக்கா மரியாதையாக எழுந்து நின்றது. "அதை மட்டும் விட்டுட்டோமுங்க சார். அதுல ஒத்து வரல."

எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. ஊர்க் கயிற்றையெல்லாம் சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறேன், பட்டியில் ஒரு மாடு இல்லை. காது மடல் இரண்டும் சுட்டது. அதிகாரி சிரித்துவிட்டார். அவர் சிரித்ததால் ஹெட்மாஸ்டரும் சிரித்தார், ஹெட்மாஸ்டர் சிரித்ததால் பள்ளிக்கூடமே சிரித்தது. எல்லாச் சிரிப்புக்கும் மேலே, கடைசி பெஞ்சிலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. அது யாருடையது என்று திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. சண்டையில்லாமல் சபை நடத்தியதற்காக எனக்கு ஒரு சோப்புப் பெட்டி பரிசு கொடுத்தார்கள். அந்த வருஷம் எல்லாப் பரிசும் சோப்புப் பெட்டிதான்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சண்டை.

"எல்லாரும் கை தூக்கினாங்க. நீதானே சொன்ன, ஒருத்தன் விடாமன்னு?"

"தூக்கினாங்க. வெறுங்கயித்துக்கு யார்தான் தூக்க மாட்டாங்க? மாடு எங்க கண்ணு?"

"மாட்டைப் பத்தி நீ பேசவே இல்ல. கையைத்தான் பேசின."

அப்பா நின்றுவிட்டார். பேசினது என்னவோ அதுதான். சந்தையில் பேச்சு மாறினார் என்ற பெயர் அவருக்குக் கிடையாது. ஆனால் ஒரு பெண்பிள்ளையிடம் தோற்றார் என்ற பெயரும் கிடையாது. வீடு வரும்வரை தார்க்குச்சியால் புழுதியைத் தட்டிக்கொண்டே வந்தார். அழுதால் தோற்றதாகிவிடும் என்று வாயை இறுக்க மூடிக்கொண்டு நடந்தேன்.

மறுநாள் காலை அவர் கொட்டாயில் சந்தைக்கு ஓட்ட வேண்டிய ஆலம்பாடிக் காளைக்குக் கொம்பு சீவிக்கொண்டிருந்தார். நான் போய் அவர் தோளிலிருந்த துண்டை உருவினேன். என் கைமேல் போர்த்திக்கொண்டு, கையை அவர் முன்னால் நீட்டினேன்.

"என்ன இது?"

"துண்டு போட்டிருக்கன். வா."

அப்பா தெருப்பக்கம் பார்த்தார், யாராவது வருகிறார்களா என்று. பிறகு கத்தியை வைத்துவிட்டு, துண்டுக்குள் கையை விட்டார். காய்த்துப்போன, சொரசொரப்பான கை. என் ஒற்றை விரலைப் பிடித்து அழுத்தினார். ஒரு வருஷம். நான் உதறிவிட்டு, அவருடைய இரண்டு விரலைப் பிடித்தேன். பயிற்சி இரண்டு வருஷம். அவர் உதறினார். மறுபடி ஒரு விரலைப் பிடித்து, அடுத்த விரலில் பாதியைத் தொட்டார். ஒன்றரை.

"ஒன்றரை வருஷத்துல வீட்டுக்கு வந்தா சர்டிபிகேட் தர மாட்டாங்கப்பா" என்றேன்.

"பேசாத. துண்டுக்குள்ள பேசு" என்றார் அப்பா. கண் காளையைப் பார்த்துக்கொண்டிருந்தது. முகத்தில் ஓர் அசைவு இல்லை.

நான் அவருடைய இரண்டு விரலையும் சேர்த்துப் பிடித்தேன், விடவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றோமோ தெரியாது. கை வலித்தது. அம்மா சாணிக் கூடையோடு வந்து, "ரெண்டு பேரும் என்ன பண்றீங்க?" என்றாள்.

"நார்வேகூடப் பேச்சு" என்றார் அப்பா. அப்புறம் என் இரண்டு விரலையும் அவர் பதிலுக்கு இறுக்கிப் பிடித்து, ஒரு முறை குலுக்கிவிட்டு, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பேரம் முடிந்தால் அப்படித்தான் குலுக்குவார்கள். எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும்போல இருந்தது.

மாமன் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு மாம்பூவைப் பற்றிக் கேட்கப் பிடிக்கும் என்று சொன்னார்கள்.

சேலத்துக்குக் கிளம்பிய அன்று என் தகரப் பெட்டிக்குப் பூட்டு சரியில்லை என்று அப்பா கொட்டாயிலிருந்த பழைய கயிற்றை எடுத்துச் சுற்றிக் கட்டினார். பஸ் நிலையத்தில் கண்டக்டர் பெட்டியை மேலே ஏற்றக் கேட்டார். "இருப்பா" என்றார் அப்பா. குனிந்து உட்கார்ந்து, தான் கட்டிய கயிற்றின் முடிச்சை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். மடியிலிருந்து ஒரு புதுக்கயிற்றை எடுத்தார், சந்தையில் வாங்கியது, இன்னும் நார் பிசிறு போகாதது. அதைப் பெட்டியில் கட்டினார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பஸ்ஸில் இருந்த எல்லோரும் அந்தப் பக்கத்து ஆட்கள். அது என்ன என்று எல்லோருக்கும் தெரியும். "நான் என்ன மாடாப்பா?" என்று கத்தினேன்.

அவர் பழைய கயிற்றை வளையம் வளையமாகச் சுற்றித் தோளில் மாட்டிக்கொண்டார். பஸ் நகர்ந்த பிறகும் அங்கேயே நின்று, அதைக் கையால் தடவிக்கொண்டிருந்தார். சந்தையில் எத்தனையோ பேர் அப்படித் தடவிக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. சூளகிரி தாண்டும்வரை அழுதுகொண்டே போனேன். கயிறு மாற்றியதைப் பார்த்த பக்கத்து சீட்டு அம்மாள், "யார் வீட்டுக்கும்மா போறே?" என்று கேட்டாள். யார் வீட்டுக்கும் இல்லை, படிக்கப் போகிறேன் என்றேன்.